வாசகர் கேள்வி – பதில்: கிளைட் ஆற்றங்கரைப் பிள்ளைகள்

சென்ற இதழின் இந்தப் பக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் ஸ்கொட்லாந்தின் தொழிலாளர் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் தமது சிறுபராயத்தைப் பற்றிச் சொல்லும் நினைவுகளைக் குறித்து நான்கைந்து வரிகள் எழுதியிருந்தேன். கிளாஸ்கோ நகரில் நான் வசித்த காலத்தில் அயலவராயிருந்த முதியவர்களிடம் கேட்டவையும், பின்னர் ஆர்வத்தினால் தேடிப் படித்தவையும் அக்குறிப்புக்கு அடிப்படை. அதற்கு மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறை மாவட்டத்திலிருந்தும் நான் எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்திருப்பதால், சினிமாக் கேள்விகளையும் அரசியல் கேள்விகளையும் அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்முறை பக்கம் முழுவதையும் அந்த விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர்: ஐயா, வெள்ளைக்காரர் என்றால் கச்சேரியில் இருந்த ஏஜண்டுத் துரை, தேயிலைத் தோட்டத்துத் துரை, மிஷன் பாதிரியார் ஆகியோரே நமக்கு நினைவுக்கு வருகின்றனர். அவர்களுடைய நாட்டில் ஒரே அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கியது என்று நீங்கள் எழுதியது சற்று மிகையாகத் தோன்றுகிறதே?

மிகையே இல்லை, தம்பி. இலங்கைத் தோட்டத் துரைமாரில் கணிசமானவர்கள் ஸ்கொட்லாந்தினர்தாம். 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. ஆனால் கடல் கடந்து இங்கே துரையாக வந்தவரை வைத்துக்கொண்டு, அங்கே கிளாஸ்கோவின் கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் தளத்தில் இரும்புத் தகடுகளுக்குத் தறையாணி அடித்துக்கொண்டிருந்தவரை மதிப்பிட முடியாது.

கிளாஸ்கோவின் தொழிலாளர் குடியிருப்பு என்பது மணற்கல்லால் கட்டிய மூன்று, நான்கு மாடி வரிசைக் கட்டடம். ஆலைகளும் அடுப்புகளும் கக்கிய நிலக்கரிப் புகை படிந்து படிந்து அந்தக் கல்லின் இயல்பான நிறமே தெரியாமற் போயிருந்தது. தெருவிலிருந்து ஒரு பொது நடைவழியால் உள்ளே சென்று கற்படிகளில் ஏறினால், ஒவ்வொரு தளத்திலும் மூன்று நான்கு வீடுகளின் கதவுகள் எதிர்ப்படும். வீடு என்று நான் சொல்வது சமையலும் படுக்கையும் ஒன்றாகவே நடக்கும் ஒற்றை அறையாக இருக்கலாம்; கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்கு ஒரு குசினியும் ஓர் அறையும் இருக்கலாம். குசினிச் சுவரில் ஒரு மாடம் உள்வாங்கியிருக்கும்; அதற்குள் பலகை அடித்து மெத்தை விரித்தால் அது தாய் தகப்பனின் படுக்கை. அதன் அடியிலிருந்து இரவில் இழுத்து விரிக்கும் தாழ்ந்த கட்டிலில் பிள்ளைகள் தலையும் காலும் மாறி மாறி நாலைந்து பேராகப் படுத்துக்கொள்வார்கள். மலசலகூடம் படிக்கட்டு திரும்பும் இடத்தில் இருக்கும். அந்தத் தளத்து வீட்டார் அனைவருக்கும் அது ஒன்றுதான். பனிக்கால இரவில் சிறு பிள்ளை ஒன்று மெழுகுதிரியுடன் அங்கே தனியாகப் போவதற்கு எவ்வளவு பயந்தது என்பதை எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் என்னிடம் விவரித்தபோது, வளவின் கோடியில் கக்கூசு இருந்த நம்முடைய பழைய வீடுகளைத்தான் நான் எண்ணிக்கொண்டேன்.

குளியல் வாரத்துக்கு ஒருமுறை, அடுப்பின் முன்னால் வைத்த தகரத் தொட்டியில் நடந்தது. ஒரே நீரில் ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகள் எல்லோரும் குளித்தார்கள். உடுப்புகளைத் தாய்மார் பழைய குழந்தை வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு நகரசபையின் பொதுச் சலவைக்கூடத்துக்குப் போவார்கள். ஊர்ப்புதினம் எல்லாம் பரிமாறப்பட்ட இடமும் அதுவே. கட்டடத்தின் பின்னால் ஒரு பொது முற்றம். அங்கே குப்பைத்தொட்டிகளுக்கும் கொடிக்கயிறுகளுக்கும் நடுவில் பிள்ளைகளின் விளையாட்டு. பசித்தால் கீழே நின்றபடியே அம்மாவைக் கூப்பிட வேண்டும். அவர் மூன்றாம் மாடி யன்னலைத் திறந்து, ஜாம் பூசிய பாண் துண்டைக் கடதாசியில் சுற்றிக் கீழே எறிவார். 1951ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதுகூடக் கிளாஸ்கோ வீடுகளில் ஏறத்தாழப் பாதி ஓரறை அல்லது ஈரறை வீடுகளாகவே இருந்தன.

நீங்கள் அறிந்த இருவரை இந்த உலகத்தில் வைத்துப் பாருங்கள். ஜேம்ஸ் பொண்டாக நடித்த ஷோன் கொனரி 1930இல் எடின்பரோவின் பவுண்டன்பிரிட்ஜ் பகுதியில் இவ்வகைக் கட்டடம் ஒன்றில் பிறந்தவர். தாயார் துப்புரவு வேலை செய்தார். மகன் இளவயதிலேயே பள்ளியை விட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் குதிரை வண்டியில் வீடு வீடாகப் பால் கொடுத்தார். மன்செஸ்டர் யுனைட்டெட் அணியை நெடுங்காலம் பயிற்றுவித்த அலெக்ஸ் பேர்குசன் 1941ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் பிறந்தார். தகப்பனார் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளி.

ஆரையம்பதியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை: என் தாயார் அரிசிக் கூப்பன் புத்தகத்தைக் கண்ணைப் போலக் காத்தவர். பின்னாளில், எழுபதுகளில், விடியுமுன் எழுந்து பாண் வரிசையில் நின்றதை நானே மறக்கவில்லை. ஆண்ட நாட்டு மக்களும் கூப்பன் பார்த்திருக்கிறார்களா?

பார்த்தார்கள், அம்மா, அதுவும் பதினான்கு ஆண்டுகள். 1940 ஜனவரி 8ஆம் திகதி பன்றியிறைச்சி, பட்டர், சீனி ஆகிய மூன்றுடன் பங்கீடு தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் தேயிலையும் சேர்ந்தது: ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 57 கிராம். பிந்திய காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோருக்குத் தேயிலைப் பங்கே இல்லை. பட்டரும் பெரும்பாலும் அதே இரண்டு அவுன்ஸ்தான். சீனி எட்டு அவுன்ஸ். முட்டை, கிடைத்தால், வாரத்துக்கு ஒன்று. அமெரிக்காவிலிருந்து பேணியில் வந்த முட்டைத் தூளைக் கரைத்துப் பொரித்துத் தின்றதை அருவருப்போடு நினைவுகூர்பவர்களும் உண்டு, அந்தச் சுவைக்கு இன்றும் ஏங்குபவர்களும் உண்டு. 1941 ஜூனிலிருந்து உடுப்புக்கும் கூப்பன் வந்ததால், மூத்தவனின் கால்சட்டை நான்காவது மகன்வரை இறங்கி வந்தது. கூப்பன் புத்தகங்களிலும் நிறவேறுபாடு இருந்தது: வளர்ந்தோருக்கு மங்கிய மண்ணிறம், கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பச்சை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலம். வரிசையில் பச்சைப் புத்தகத்துக்கு முதலிடம். தோடம்பழம் எப்போதாவது வந்தால் அதற்கே கிடைக்கும்.

பலருக்கு வியப்பளிப்பது, போர் முடிந்த பின் நிலைமை சில வகையில் இன்னும் இறுகியது என்பது. போர் நடந்தபோது பாணுக்குப் பங்கீடு இருந்ததே இல்லை. வெற்றி பெற்ற பிறகு, 1946 ஜூலையில்தான் அது வந்தது, இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இறைச்சிக்கான கட்டுப்பாடு 1954 ஜூலை 4ஆம் திகதி நீங்கியபோதுதான் பங்கீடு முற்றாக ஒழிந்தது. போர் தொடங்கியபோது பிறந்த பிள்ளை, கூப்பன் இல்லாத கடையைக் காண்பதற்குள் வேலைக்குப் போகும் வயதை நெருங்கிவிட்டது.

உங்கள் தாயாரின் கூப்பன் புத்தகமும் கிளாஸ்கோத் தாயின் கூப்பன் புத்தகமும் ஒரே போரின் பிள்ளைகள் என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் கப்பல்கள் நின்றன. அரிசிப் பங்கீடு வந்தது. அதை விநியோகிக்கவே ஊருக்கு ஊர் சங்கக்கடைகள் பெருகின. ஸ்கொட்லாந்துத் தொழிலாளர் குடும்பத்துக்கும் கடை என்றால் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கக்கடைதான். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அங்கத்துவ இலக்கம் இருந்தது. பொருள் வாங்கும்போது அதைச் சொன்னால், ஆண்டில் குறித்த காலங்களில் அதற்குரிய பங்கிலாபம் கிடைக்கும். அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குவார்கள். பெயர்களையும் முகங்களையும் மறந்துபோன முதியவர்கள்கூட அம்மாவின் சங்க இலக்கத்தைத் தடுமாறாமல் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தையற்காரர்: எங்கள் வாப்பா பாவித்த பழைய சிங்கர் மெசின் இன்னும் கடையில் ஓடுகிறது. அது ஸ்கொட்லாந்தில் செய்தது என்றும், அந்தத் தொழிற்சாலையில் குண்டு விழுந்தது என்றும் ஒருவர் சொன்னார். உண்மையா?

இரண்டும் உண்மையாக இருக்கக்கூடியவை, நானா. பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த நாடுகளுக்கு வந்த சிங்கர் மெசின்களில் பெரும்பகுதி கிளாஸ்கோவை அடுத்த கிளைட்பாங்க் என்ற ஊரில் செய்யப்பட்டது. உங்கள் மெசினின் உடலில் பொறித்திருக்கும் இலக்கத்துக்கு முன்னுள்ள ஆங்கில எழுத்துகளை வைத்து, அது எந்தத் தொழிற்சாலையில் எந்த ஆண்டில் உருவானது என்று கண்டுபிடித்துவிடலாம். 1880களில் கட்டப்பட்ட அந்தத் தொழிற்சாலையில், முதலாம் உலகப் போருக்கு முந்திய உச்சகாலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அதன் கோபுர மணிக்கூடுதான் ஊரின் நேரம். தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவ்விடத்துப் புகையிரத நிலையத்தின் பெயர் இன்றும் சிங்கர்தான்.

1941 மார்ச் 13ஆம் திகதி, வியாழன் இரவு, நல்ல நிலவு. ஒன்பது மணியளவில் ஜேர்மன் விமானங்கள் வந்தன. சிங்கரின் மரக்களஞ்சியமும், அயலிலுள்ள வடிசாலையும், கடற்படையின் எண்ணெய்த் தாங்கிகளும் பற்றி எரிந்த வெளிச்சம், பின்னால் வந்த விமானங்களுக்கு வழிகாட்டியாயிற்று. மறுநாள் இரவும் அவை வந்தன. அவ்வூரின் ஜோன் பிரௌன் நிறுவனத்துக் கப்பல் கட்டும் தளமும் தொழிற்சாலைகளும் சேதத்தோடு தப்பி விரைவிலேயே மீண்டும் இயங்கின. அழிந்தது தொழிலாளரின் குடியிருப்புத்தான். கிளைட்பாங்கில் மட்டும் 528 பேர் இறந்தனர். ஏறத்தாழ 12,000 வீடுகளில் கீறல் இல்லாமல் தப்பியவை பத்துக்கும் குறைவு. முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் அந்தச் சனி இரவு தங்கியவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான். மற்றவர்கள் லொறிகளிலும் பஸ்களிலும் ஏறி அயலூர்ப் பாடசாலைகளுக்கும் தேவாலய மண்டபங்களுக்கும் போனார்கள். வேறு பலர் போர்வையைச் சுமந்துகொண்டு மேட்டுநிலங்களில் ஏறி வெட்டவெளியில் இரவைக் கழித்தார்கள். அடையாளம் காண முடியாத உடல்கள் டல்நொட்டார் மயானத்தில் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. தணிக்கை காரணமாக ஊரின் பெயரையே பத்திரிகைகள் உடனடியாக எழுதவில்லை. தமது ஊர் அழிந்த செய்தியில் தமது ஊரின் பெயர் இல்லாததை அம்மக்கள் நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

1990இன் இடப்பெயர்வை அனுபவித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பங்கர் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். பிரித்தானியாவில் பரவலாக வழங்கப்பட்ட நெளிதகரப் பதுங்குகுழிக்கு, எடின்பரோவில் பிறந்த அமைச்சர் ஜோன் அண்டர்சனின் பெயர் வழங்கியது. அதைத் தோட்டத்து மண்ணில் பாதி புதைக்க வேண்டும்; மாடிக் கட்டடத்துத் தொழிலாளிக்குத் தோட்டம் ஏது? ஆகவே பொது முற்றத்தில் செங்கல்லால் ஒரு காப்பறை கட்டினார்கள். நடைவழி வாசலுக்கு எதிரே, குண்டுச் சிதறலைத் தடுக்க ஒரு குறுக்குச் சுவர் எழுப்பினார்கள். இருட்டடிப்பு இரவுகளில் அந்தச் சுவரில் முட்டி மூக்குடைந்தவர்கள் ஏராளம் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தாய்: பிரச்சினைக் காலத்தில் என் இரண்டு பிள்ளைகளையும் விடுதியில் சேர்த்துவிட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கும் அப்படிச் செய்தார்களா?

செய்தார்கள், அம்மா. 1939 செப்டெம்பர் முதலாம் திகதி, போர்ப் பிரகடனத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே, கிளாஸ்கோ, கிளைட்பாங்க், எடின்பரோ, டண்டீ முதலிய நகரங்களிலிருந்து பிள்ளைகளைப் புகையிரதத்தில் ஏற்றினார்கள். கோட்டில் பெயர் எழுதிய துண்டு, தோளில் கடதாசிப் பெட்டிக்குள் நச்சுவாயு முகமூடி, கையில் மாற்றுடுப்புப் பொதி. போய்ச் சேர்ந்த கிராமத்து மண்டபத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டு, வீட்டுக்காரர்கள் வந்து தமக்குப் பிடித்தவரைத் தெரிவுசெய்து கூட்டிச்செல்ல, கடைசிவரை எவராலும் தெரிவுசெய்யப்படாமல் நின்ற பிள்ளையின் மனத்தில் அந்த ஒரு மணிநேரம் முதுமைவரை தங்கிவிட்டது. கிராமத்தார் பேன் என்றும் சொறி என்றும் படுக்கையை நனைக்கிறார்கள் என்றும் முறையிட்டார்கள்; கிளாஸ்கோவின் கத்தோலிக்கப் பிள்ளைகள், பூசைக்குப் போகக் கோயில் இல்லாத புரட்டஸ்தாந்துக் கிராமங்களில் மாட்டிக்கொண்டார்கள். ஸ்கொட்லாந்தில் தாய்மாரும் கூடப் போகலாம் என்று விட்டிருந்தார்கள். ஆனால் அந்தத் தாய்மாருக்குக் கிராமத்து அமைதி ஒத்துவரவில்லை. குண்டும் விழவில்லை, அந்த நத்தாருக்குள் பெரும்பாலானோர் வீடு திரும்பிவிட்டார்கள். அப்படித் திரும்பியதனால்தான் 1941 மார்ச்சில் கிளைட்பாங்கில் அத்தனை பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளையைக் கூட வைத்திருப்பதா, கண்காணாத இடத்துக்கு அனுப்புவதா என்ற கேள்விக்கு அன்று அந்தத் தாய்மாரிடமும் சரியான விடை இருக்கவில்லை. உங்களை நீங்கள் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: அங்கே பள்ளிக்கூடத்தில் அடி உண்டா?

தாராளமாக. நமக்குப் பிரம்பு; அவர்களுக்குத் தோல்வார். நுனி கிழிந்த, தடித்த அந்த வாரை பைஃப் (Fife) என்ற பகுதியிலுள்ள லொக்கெல்லி என்ற ஊரில் செய்து நாடு முழுவதற்கும் விற்றார்கள். கையை நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியை ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டுப் பேச்சு வழக்கில் பதில் சொன்னதற்கும் அடி விழுந்தது. அரச பாடசாலைகளில் இது 1987இல்தான் முடிவுக்கு வந்தது. பதினான்கு வயதில் பள்ளியை விடலாம் என்றிருந்ததை 1947 ஏப்ரலில் பதினைந்தாக்கினார்கள். இதனால் வீட்டுக்கு ஓராண்டுச் சம்பளம் போயிற்றே என்று முணுமுணுத்த பெற்றோரும் இருந்தார்கள். ஒக்டோபரில் உருளைக்கிழங்கு கிளப்பும் காலத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை கொடுத்து வயலுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்தாலும், கையில் கிடைத்த கூலியும் வீட்டுக்குக் கொண்டுபோகத் தந்த கிழங்கும் அவர்களுக்குப் பெருமையாக இருந்தன.

கல்முனையிலிருந்து ஒரு மருத்துவத்துறை ஊழியர்: இப்படிப்பட்ட நினைவுகளை எழுதுபவர்கள் எல்லோரும் "ஏழைகளாக இருந்தோம், ஆனால் மகிழ்ச்சியாக இருந்தோம், கதவைப் பூட்டாமலே தூங்கினோம்" என்றே முடிக்கிறார்கள். நம்மவர்களும் அப்படித்தான். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தக் கடிதக் கட்டிலேயே மிகக் கூர்மையான கேள்வி இது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பேசுபவர் உயிரோடு எஞ்சியவர் என்பதை நாம் மறக்கக்கூடாது. ஓரறை வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் அது யாரைத் தொடாமல் விடும்? போர்க்காலத்தில் ஸ்கொட்லாந்தில் காசநோய் குறையவில்லை, கூடியது. நாற்பதுகளின் இறுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து வந்த பிறகும் வைத்தியசாலைப் படுக்கைகள் போதாமல், ஐம்பதுகளின் தொடக்கத்தில் நோயாளர்களைச் சுவிற்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். 1957இல் கிளாஸ்கோவில் ஐந்தே வாரங்களில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து அந்நோயைத் தேடினார்கள். தொண்டைக்கரப்பானால் இறந்த தங்கை, வளைந்த கால்களோடு நடந்த தோழன், சம்பள நாளில் குடித்துவிட்டு வந்த தகப்பன், முப்பத்தைந்து வயதில் பல் ஒன்றும் இல்லாத தாய் ஆகியோரும் அந்த முற்றத்தில் இருந்தவர்களே. கதவைப் பூட்டாததற்குக் காரணம், உள்ளே எடுத்துச்செல்ல ஒன்றுமில்லை என்று என் அயலவர் ஒருவர் சொன்னதை நான் நகைச்சுவையாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

எனினும் அந்த மகிழ்ச்சிக்கு உண்மையான ஓர் அடித்தளம் இருந்தது என்பது என் கருத்து. அது வறுமையில் இல்லை; குறைவாக இருந்ததை விதிப்படி பகிர்ந்ததில் இருந்தது. அபர்டீன் அருகே போஷாக்கு ஆய்வு நிலையம் நடத்திய ஜோன் பொய்ட் ஓர், பிரித்தானிய மக்களில் பெரும் பகுதியினரின் வருமானம் நல்லுணவுக்குப் போதாது என்று 1936இல் காட்டியிருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தால் உயரமும் நிறையும் கூடும் என்பதை அதற்கு முன்பே அவருடைய சோதனைகள் காட்டின. 1930இல் லனார்க்ஷயரில் இருபதாயிரம் பிள்ளைகளைக் கொண்டும் ஒரு பெரும் பாற்சோதனை நடந்தது. சமாதான காலத்தில் பணம் இல்லை என்று தள்ளிப்போட்டதைப் போர் செய்ய வைத்தது: பள்ளியில் பால், மதிய உணவு, குழந்தைகளுக்கு மீனெண்ணெயும் தோடஞ்சாறும். பணக்காரனுக்கும் அதே இரண்டு அவுன்ஸ் பட்டர் என்றபோது, ஏழைப் பிள்ளையின் தட்டில் முன்பு இல்லாத ஒன்று வந்தது. 1946 ஓகஸ்டிலிருந்து இரண்டாவது பிள்ளை முதற்கொண்டு வாரத்துக்கு ஐந்து சிலிங் குடும்பப் படி. அதே ஆண்டில் பள்ளிப் பால் எல்லோருக்கும் இலவசம். 1948 ஜூலை 5ஆம் திகதி இலவச தேசிய சுகாதார சேவை. வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாததால் வருத்தத்தை மறைத்துவைத்த பெண்கள் அந்த முதல் வாரங்களில் வைத்தியரிடம் திரண்டு போனார்கள். பொய்ட் ஓர் 1945இல் உலக உணவு விவசாய நிறுவனத்தின் முதற் பணிப்பாளர் நாயகமாகி, 1949இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்றார்.

நம்முடைய இலவசக் கல்வியும் அரிசிப் பங்கீடும் ஏறத்தாழ அதே நாற்பதுகளில் பிறந்தவை. ஆகவே, நம் முதியவர் ஒருவர் "அந்தக் காலம் நல்லது" என்று சொல்லும்போது, எது நல்லதாக இருந்தது என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். பட்டினி நல்லதாக இருந்தது என்று அவர் சொல்லமாட்டார்.

தாண்டவன்வெளியிலிருந்து ஒரு வாசகி: நத்தார் நன்றாகக் கொண்டாடியிருப்பார்களே?

இல்லை. ஸ்கொட்லாந்தின் திருச்சபை, மதச் சீர்திருத்தக் காலத்திலிருந்தே நத்தார்க் கொண்டாட்டத்தை விரும்பவில்லை. 1958வரை அது பொது விடுமுறையாகவும் இருக்கவில்லை. தகப்பன்மார் அன்றும் வேலைக்குப் போனார்கள். காலுறைக்குள் ஒரு தோடம்பழம், ஒரு பென்னி, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு பொம்மை; அவ்வளவுதான். அவர்களுக்குப் பெருநாள் புத்தாண்டு. முந்திய மாலை வீட்டைக் கூட்டிக் கழுவி, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி, கடன்களைத் தீர்த்துவிட்டுக் காத்திருப்பார்கள். நள்ளிரவுக்குப் பின் முதலில் வாசற்படி மிதிப்பவர் கருந்தலைமுடியுள்ள ஆணாக, கையில் ஒரு துண்டு நிலக்கரியுடன் வரவேண்டும். சித்திரை வருடத்துக்குக் கைவிசேடமும் நல்ல நேரமும் பார்க்கும் நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மீனவர்: எங்கள் கடலில் கிடக்கும் ஹேர்மீஸ் கப்பல் அந்தப் போரில்தானே மூழ்கியது?

அதே போரில்தான். திருகோணமலை தாக்கப்படும் என்று அறிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு விலகிய அந்த விமானந்தாங்கிக் கப்பலை, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அப்போது அதன் தளத்தில் அதற்குரிய விமானங்களே இருக்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. வைத்தியசாலைக் கப்பலான வீற்றா பல நூறு பேரை மீட்டெடுத்தது. இப்படியான ஒவ்வொரு நிகழ்வின் பின்னாலும் பிரித்தானியாவின் ஏதோவொரு தெருவில் தந்திப் பையனின் சைக்கிள் வந்து நின்றது. கிளாஸ்கோவில் அந்தச் சைக்கிளைக் கண்டால் முற்றத்தில் விளையாடிய பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு, அது யாருடைய வாசலில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஏழாம் தர மாணவன்: அவர்களுக்கு டொபி கிடைத்ததா?

கிடைத்தது, மகன், ஆனால் அளந்துதான். 1942 ஜூலை 26ஆம் திகதியிலிருந்து இனிப்புக்கும் கூப்பன். பெரும்பாலான காலம் ஒருவருக்கு வாரத்துக்கு மூன்று அவுன்ஸ் அளவு, அதாவது 85 கிராம். சிலர் சனிக்கிழமையே தின்று முடித்தார்கள். சிலர் ஒரு டொபியைப் பிளேட்டால் நறுக்கி வாரம் முழுவதும் வைத்திருந்தார்கள். 1949 ஏப்ரலில் கட்டுப்பாட்டை நீக்கிப் பார்த்தார்கள். இனிப்பெல்லாம் விற்றுத் தீர்ந்து கடைகள் வெறுமையாகவே, ஓகஸ்டில் மறுபடியும் கூப்பன் வந்தது. கடைசியாக 1953 பெப்ரவரி 5ஆம் திகதி நீங்கியபோது, பள்ளி விட்ட பிள்ளைகள் கடைவாசலில் குவிந்தார்கள். அவர்களுடைய வீட்டுப் பலகாரங்களில் டப்லெட் என்ற ஒன்று உண்டு. சீனியும் பட்டரும் ரின்பாலும் காய்ச்சிக் கட்டியாக்கித் துண்டு போடுவது. நம்முடைய பால் டொபியேதான். சீனிக்கான கட்டுப்பாடு அந்த ஆண்டு செப்டெம்பர்வரை நீங்கவில்லை. ஆகவே கடை இனிப்பு தாராளமாகக் கிடைத்த பிறகும், அம்மா மனம் விட்டு ஒரு தட்டு டப்லெட் காய்ச்சுவதற்கு அவர்கள் இன்னும் ஏழு மாதத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.